பரணில் கிடக்கும் பனிச்சறுக்குச் சாமான்: எதை மாட்டலாம், எதை விற்கலாம், எதை உடைத்துப் போட வேண்டும்

மாமா (அக்கா வீட்டுக்காரர்) ஜெர்மனி வேலையை முடித்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வந்தபோது இரண்டு செட் பனிச்சறுக்குச் சாமானையும் கொண்டுவந்துவிட்டார். ஒன்பது வருடம் அது எங்கள் பரணில், சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே கிடந்தது. போன வருடம் உத்தராகண்டில் இருக்கும் ஔலிக்குக் கிளம்பியபோது துடைத்து எடுத்துப் போனேன். பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. இரண்டாம் நாள் ஒரு திருப்பத்தில் விழுந்தேன். எழுந்து பார்த்தால் பூட்ஸின் குதிகால் துண்டு மட்டும் ஸ்கீயில் (காலுக்கு அடியில் மாட்டும் நீளச் சறுக்குப் பலகை) கவ்வியபடி நிற்கிறது, மீதி பூட்ஸ் என் காலில். முட்டிக்கு மூன்று வாரம் கட்டு.

உங்கள் வீட்டிலும் இந்த மாதிரி சாமான் இருந்தால், பனிக்குப் போகும் முன்பும் விற்கும் முன்பும் இதைச் செய்துவிடுங்கள்.

1. முதலில் பூட்ஸ்

பெரும்பாலான ஸ்கீ பூட்ஸின் ஓடு பாலியூரித்தேன் வகைப் பிளாஸ்டிக். காற்றின் ஈரம் அதன் இணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெப்பம் அந்த வேலையை வேகப்படுத்தும். நம் ஊர்ப் பரணில் இரண்டுக்கும் குறைவில்லை. பத்து வருடம் பெட்டியில் வைத்த ஷூவை எடுத்து மாட்டினால் சோல் மாவாக உதிருமே, அதே கதைதான். ஷூ உதிர்ந்து காட்டிவிடும். ஸ்கீ பூட்ஸ் கடைசி நிமிடம் வரை பளபளப்பாகவே இருக்கும். என்னை ஏமாற்றியது இதுதான்.

அதனால் பளபளப்பை விட்டுவிட்டு வயதைப் பாருங்கள். உள்பூட்ஸை உருவிவிட்டு ஓட்டின் உள்ளே டார்ச் அடித்தால் பலவற்றில் சின்ன வட்டம் ஒன்று தெரியும். சுற்றிலும் 1 முதல் 12 வரை மாத எண்கள், நடுவில் அம்புக்குறி, பக்கத்தில் வருடத்தின் கடைசி இரண்டு எண்கள். பிளாஸ்டிக் வாளியின் அடியில் பார்த்திருப்பீர்கள். எனக்குக் கிடைத்தது 09. பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால் நான் காலில் மாட்டுவதில்லை, யாருக்கும் விற்பதுமில்லை. பக்கிள் அடியிலும் குதிகால் ஓரத்திலும் மயிரிழை விரிசலோ வெளிறிய கோடோ தெரிந்தால் வயதே பார்க்க வேண்டாம்.

அப்புறம், பூட்ஸ் போட்டுக்கொண்டு சிமெண்ட் தரையில் நடக்காதீர்கள். சோலின் முன்னும் பின்னும் நீட்டியிருக்கும் உதடுகள் தேய்ந்தால், பூட்ஸை ஸ்கீயோடு கவ்விப் பிடிக்கும் பைண்டிங் சரியாக விடுவிக்காது.

2. பைண்டிங்

விழும்போது காலை விடுவிக்க வேண்டும், சாதாரணத் திருப்பத்தில் விடக் கூடாது. எவ்வளவு விசைக்கு விட வேண்டும் என்ற அளவை ‘டின்’ எண் என்பார்கள். எடை, உயரம், வயது, பழக்கம், பூட்ஸ் சோலின் நீளம் எல்லாம் சேர்ந்துதான் அது வரும். மாமாவின் எண் மாமாவுக்குத்தான். பூட்ஸ் மாறினாலும் சரிசெய்ய வேண்டும்: மாமாவின் பூட்ஸ் 305 மி.மீ., எனக்கு வாடகைக்குக் கிடைத்தது 315. அந்த எண் குதிகால் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும்.

கம்பெனிகள் எந்தெந்த மாடலுக்கு இன்னும் பொறுப்பேற்கிறோம் என்று வருடாவருடம் பட்டியல் தருகின்றன. அதில் இல்லாத பைண்டிங்கை வெளிநாட்டுக் கடைகள் பொதுவாகத் தொடவே மாட்டார்கள். அது விலையையும் அடித்துவிடும். இப்போது வரும் ‘கிரிப்வாக்’ (நடக்க வசதியாக வளைந்த) சோல் பூட்ஸும் பழைய பைண்டிங் பலவற்றில் பொருந்தாது. வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கருவி விஷயத்தில் நான் கறார். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், திருகின் தலையைத் தின்றுவிடும். ‘போசிடிரைவ் 3’ என்று கேட்டு வாங்குங்கள். அதன் முனையில் பெரிய சிலுவைக்கு நடுவே மெல்லிய கோடுகள் இருக்கும். கடைசி அளவைச் சோதிக்கும் கருவி உள்ள ஆளிடம் விடுவதுதான் சரி.

3. ஸ்கீ

நேர்ப்பலகையா, நடுவில் இடுப்பு போல ஒடுங்கியதா? 1990-களில் இடுப்பு ஒடுங்கிய வகை வந்த பிறகு நேர்ப்பலகைக்கு மறுவிலை கிட்டத்தட்ட இல்லை, சுவரில் மாட்டத்தான். விளிம்பு இரும்பில் மேல்துரு இருந்தால் பயப்பட வேண்டாம். துரு நீக்கும் ரப்பர் கல்லால் நீளவாக்கில் தேய்த்தால் போகும். அரிவாள் தீட்டும் கல் ஆகாது. ஓரத்தில் அடுக்கு பிரிந்து நகம் நுழைந்தால் விற்காதீர்கள்.

4. விற்பது

பைண்டிங்கின் பெயர், அடிப்பக்கம், இரண்டு விளிம்பு, குறை உள்ள இடம் எல்லாம் படத்தில் தெளிவாக வர வேண்டும். நான் ஸ்கீயை மட்டும் 6,500 ரூபாய்க்குக் கொடுத்தேன், ‘பைண்டிங்கைச் சோதித்த பிறகே மாட்டவும்’ என்று ஒட்டி. நவம்பரில் போட்டால் கேட்க ஆள் வரும், மார்ச்சில் வராது. பார்சலுக்கு சைக்கிள் கடை அட்டைப்பெட்டி இரண்டைச் சேர்த்து ஒட்டினேன்.

பின்சேர்க்கை: ஓசூரிலிருந்து ஒரு தங்கை ஹெல்மெட் பற்றிக் கேட்டிருந்தார். ஒருமுறை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கிவிடும், மறுபடி உப்பாது. அடி பட்டதா இல்லையா என்று தெரியாத ஹெல்மெட்டை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

இன்னொருவர், பழைய பூட்ஸை அப்படியே காயலான் கடையில் போட்டாராம். அடுத்த வாரம் அது துடைத்து விற்பனைக்கு நிற்கிறது! அதனால் போடும் முன் அலுமினியப் பக்கிள்களைக் கழற்றிக்கொண்டு, பூட்ஸ் ஓட்டை ஆக்ஸா பிளேடால் கணுக்கால் உயரத்தில் குறுக்கே அறுத்துவிடுங்கள். ஹெல்மெட்டின் வாரையும் வெட்டிவிடுங்கள். எனக்கு ஒரு ஜோடி அறுக்க இருபது நிமிடம் ஆனது.