சாரதிகளின் ஆக்ரோஷப் போக்கை அளப்பது எப்படி?

"நீங்கள் ஆக்ரோஷமாக வாகனம் ஓட்டுபவரா?" என்று நேரடியாகக் கேட்டால் கொழும்பில் ஒருவரும் ஆம் என்று சொல்லப்போவதில்லை, ஆகவே வினாக்கொத்தில் குணத்தைக் கேட்காமல் சந்தர்ப்பத்தைக் கேட்க வேண்டும். 1994இல் அமெரிக்க உளவியலாளர் டெஃபன்பாக்கரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட வாகனமோட்டல் கோப அளவுகோல் இந்த வழியையே பின்பற்றுகிறது: அதிலுள்ள 33 நிலைமைகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு கோபமூட்டும் என்பதைப் பதிலளிப்பவர் 1 முதல் 5 வரை குறிக்கிறார். 14 வினாக்கள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. தரிப்பிடத்தில் ஹயருக்குக் காத்திருக்கும் முச்சக்கர வண்டிச் சாரதிகளுக்கு அதுவே தோதானது.

மூல வாக்கியங்களை அப்படியே தமிழாக்குவது போதாது. "வெள்ளவத்தையில், உங்களுக்கு முன்னால் செல்லும் தனியார் பஸ் சிக்னல் போடாமல் நடுவீதியில் நிறுத்தி ஆளேற்றுகிறது" என்று எழுதினால்தான் பதிலளிப்பவருக்கு உண்மையான கோபம் நினைவுக்கு வரும்.

கோபம் வேறு, ஆக்ரோஷம் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போகும் சாரதியின் கோபப் புள்ளியும் உயர்ந்தே இருக்கலாம். எனவே கடந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை முன்வாகனத்தை நெருக்கி ஓட்டினார், வேண்டுமென்றே வழிவிட மறுத்தார் என்பன போன்ற நடத்தைக் கேள்விகளைத் தனியாகக் கேட்டு, இரு கூட்டுத்தொகைகளையும் கலக்காமல் வைத்திருங்கள். பெயர் எழுதச் சொல்ல வேண்டாம். முதலாளியோ பொலிஸாரோ பார்ப்பார்கள் என்ற ஐயம் எழுந்தால், எல்லோரும் சாதுக்களாகிவிடுவார்கள்.

இயன்றால் பொரளைச் சந்தியின் நடைபாதையில் நின்று, பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து முதல் ஹோர்ன் கேட்கும் வரையான வினாடிகளையும் குறியுங்கள். 1968இல் டூப், குரொஸ் ஆகிய ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் பச்சை விளக்கு எரிந்த பின்னும் காரை நகர்த்தாமல் நிறுத்திவைத்து, பின்னாலுள்ளவர் ஹோர்ன் அடிக்கும் வரையான நேரத்தை அளந்ததும் இதைப் போன்றதே. ஆனால் இங்கு ஹோர்ன் பெரும்பாலும் வெறும் அறிவிப்பு என்பதால், நீட்டி அடிப்பதை மட்டும் கணக்கில் எடுங்கள்.