செட்டிநாட்டில் நெடுந்தொலைவுப் பயிற்சி ஓட்டம்: வழியைத் தண்ணீரே தீர்மானிக்கட்டும்

முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்கு ஆயத்தமாகிறவர் வாரத்தில் ஒரு நாளாவது நெடுந்தொலைவு ஓட வேண்டும் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறை. அந்த ஓட்டத்தைக் காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமப்புறத்தில் ஓட விரும்புகிறவர், எத்தனை கிலோமீட்டர் என்று முடிவு செய்வதற்கு முன்பாக, எந்தெந்த இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத வறண்ட செம்மண் பூமி இது. ஓர் ஊரைத் தாண்டினால் அடுத்த ஊர் வரும்வரை சீமைக்கருவேலமும் பனையும் பொட்டலும்தான்.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களின் நேரான அகலத் தெருக்களையும் வரிசையாக நிற்கும் பெரிய வீடுகளையும் பார்த்தால், எங்கு கேட்டாலும் ஒரு சொம்பு தண்ணீர் கிடைக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் அவற்றில் பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் அந்த வீடுகளின் பக்கச் சந்துகளில் மதிலைத் தவிர வேறெதுவும் இல்லை. காலை நேரத்தில் அந்த மதில்கள் தரும் நிழலை நம்பலாம், தண்ணீருக்குப் பேருந்து நிறுத்தத்து டீக்கடையைத்தான் நம்ப வேண்டும். முந்தைய நாள் மாலை இருசக்கர வாகனத்தில் அதே வழியில் ஒரு முறை போய்வந்து, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுக்கொண்டு, இரண்டு பாட்டில்களை அங்கே கொடுத்து வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

எவ்வளவு குடிப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலானோருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தேவைப்படும் என்று தொடங்கி, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து உங்கள் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் குடித்தது போதவில்லை; எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும் அந்த நிலை உயிருக்கே ஆபத்தானது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, வியர்வையில் பெரிதும் வெளியேறும் சோடியம் குறைவு. ஆகவே அதை மட்டும் நம்பாமல், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையோ உப்புப் போட்ட நீர்மோரையோ சேர்த்துக்கொள்வது நல்லது. வழியில் தென்படும் ஊருணி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் இறங்கிக் கால் கழுவக் கூடாது. குடிநீருக்கென்று ஊரார் காத்துவரும் ஊருணிகள் இன்றும் இருக்கின்றன, எது அப்படிப்பட்டது என்பது வெளியூராருக்குத் தெரியாது.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது சூரியனையும் கணக்கில் கொள்ள வேண்டும். குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் காரைக்குடிக்கு மேற்கே, ஏறத்தாழ 10 முதல் 13 கிலோமீட்டருக்குள் இருப்பதால், காலையில் காரைக்குடியிலிருந்து புறப்பட்டால் வெயில் முதுகில் விழும். திரும்பிவரப் பேருந்துக்கும் பஞ்சமில்லை. கானாடுகாத்தானோ வடக்கே இருக்கிறது. அங்கே நான் எதிர்த்திசையைத்தான் பரிந்துரைப்பேன்: அதிகாலையில் வண்டியில் அங்கே போய் இறங்கி, பள்ளத்தூர், கோட்டையூர் வழியாகக் காரைக்குடியை நோக்கி ஓடினால், ஆளரவமற்ற பகுதி குளிர்ந்த நேரத்திலும், கடைகள் மிகுந்த பகுதி களைப்பும் வெயிலும் கூடும் நேரத்திலும் அமையும். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வரும் அந்த வழியை நீட்ட வேண்டியவர்கள் கானாடுகாத்தான் தெருக்களையே முதலில் சில சுற்றுகள் ஓடிக்கொள்ளலாம். நிலம் பெரும்பாலும் சமதளம் என்பதால் ஏற்றப் பயிற்சிக்குக் குன்றக்குடி மலைப் படிகளில் ஓடலாமே என்று சிலருக்குத் தோன்றும்; பக்தர்கள் ஏறும் படிகள் அதற்கான இடமல்ல.

வேகத்தைப் பொறுத்தவரை, உடன் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவே சரியானது. கைக்கடிகாரம் என்ன சொன்னாலும் மூச்சு சொல்வதைக் கேட்க வேண்டும். சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் நடப்பதால், செப்டம்பரில் 16 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் இரண்டு கிலோமீட்டருக்கு மிகாமல் கூட்டி, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுத்து, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு 30 அல்லது 32 கிலோமீட்டரைத் தொடுவது போதும். செப்டம்பர் வெயிலுக்கு உடல் பழக இரண்டு வாரம் ஆகும் என்பதால் அதுவரை வேகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் செம்மண் தடம் வழுக்கும். அந்த வாரங்களில் தார்ச்சாலையே மேல். மற்ற நாட்களில் செம்மண் பாதை முழங்காலுக்கு இதம்தான், ஆனால் உதிரிச் சரளையில் கணுக்கால் பிசகும், கருவேல முள் மெல்லிய அடிப்பாகத்தைத் துளைத்து ஏறும். அடி தடித்த காலணியும் முள் எடுக்க ஓர் ஊக்கும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நான்கரை மணிக்கே புறப்படுவதானால் தலைவிளக்கும் ஒளி பட்டால் மின்னும் மேலாடையும் கட்டாயம். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலப்பக்கமாக ஓட வேண்டும். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, முதுகு காட்டாமல் மெல்ல நடந்து விலகுங்கள்; கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும். தை மாதத்துக்கென்று தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. பொங்கலை ஒட்டிச் சிராவயலில் நடக்கும் மஞ்சுவிரட்டு பேர்போனது. அதுபோன்ற நாட்களில் அவிழ்த்துவிடப்பட்ட காளைகள் தொழுவத்தோடு நிற்காமல் வயல்வெளியிலும் சாலையிலும் பாயும் என்பதால், எந்த ஊரில் என்றைக்கு என்று டீக்கடையில் விசாரித்துவிட்டு வேறு திசையில் ஓடுங்கள். தைப்பூசத்தையொட்டிக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரத்தை நிறைத்திருப்பார்கள். அவர்கள் நடுவே புகுந்து ஓடுவது முறையல்ல.

சாப்பாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முந்தைய இரவு மிளகுக் கோழியை ஒதுக்கிவைத்து, காலையில் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவதானால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து கிடைக்கும்படி பேரீச்சம்பழம், வாழைப்பழம் போன்றவற்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி எல்லாம் ஓடி முடித்த பிறகு.

கடைசியாக, எந்த நிலையில் நிறுத்துவது என்பது. வெயிலில் ஓடும்போது உடல் சிலிர்த்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ அது வெப்பத் தாக்குதலின் தொடக்கமாக இருக்கக்கூடும். உடனே நிழலில் உட்கார்ந்து தலையிலும் உடம்பிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் எங்கே இருக்கிறோம் என்று தெளிவாகச் சொல்ல முடிவதற்காக, கடந்துவந்த ஊரின் பெயரையும் கிலோமீட்டர் கல்லையும் மனத்தில் குறித்தபடியே ஓடுங்கள். புறப்படும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.