மெயில் சேர்வருக்குப் பெக்கேஜ் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் சொந்தமாக மெயில் சேர்வர் வைத்திருக்கும் சிறிய கம்பனிகள் இன்னும் இருக்கின்றன. புறக்கோட்டை மொத்த வியாபாரிகள், கப்பல் சரக்கு முகவர்கள், வெள்ளவத்தையில் ஐந்தாறு பேருடன் நடக்கும் கணக்காய்வு அலுவலகங்கள் என்று பலவிதம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபா வரை போனது. ஆளுக்கு இத்தனை டொலர் என்று மாதாமாதம் மெயிலுக்குக் கட்டிவந்தவர்கள், ஒரு லினக்ஸ் பெட்டியில் நாமே வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்ததில் ஆச்சரியமே இல்லை. நல்ல யோசனைதான். மடலை அனுப்பி வாங்கும் போஸ்ட்பிக்ஸ், அஞ்சல் பெட்டிகளைப் பார்க்கும் டவ்கொட், ஸ்பாமை வடிகட்டும் ஸ்பாம்அசாசின், ஆர்ஸ்பாம்டி எல்லாமே இலவசம், எல்லாமே தரமானவை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டளையை அடித்ததும் ஒரு பெக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருள்) இறங்கி ஓடத் தொடங்கினால், அதை யாரோ பராமரிக்கிறார்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். இறங்குவது ஒன்று, பராமரிக்கப்படுவது இன்னொன்று. இதை யார் பார்க்கிறார்கள், எப்போது வரை பார்ப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் பெக்கேஜை இறக்குவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

எந்த அறையிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் விடுவது

உபுண்டு என்ற டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸைத் தொகுத்துத் தரும் வெளியீட்டை, எடுத்துக்கொள்வோம். அதில் மெயின், யுனிவர்ஸ் என்று இரண்டு பெரிய பகுதிகள். மெயினில் உள்ளவற்றுக்கு உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனமே பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. யுனிவர்ஸில் உள்ளவற்றைப் பார்ப்பது சமூகம். யாருக்காவது நேரம் கிடைத்தால் திருத்தம் வரும், இல்லாவிட்டால் வராது. போஸ்ட்பிக்ஸும் டவ்கொட்டும் மெயினில் இருக்கின்றன, ஆர்ஸ்பாம்டி யுனிவர்ஸில் இருக்கிறது. மூன்றையும் ஒரே கட்டளையில் இறக்குகிறோம், திரையில் எந்த வித்தியாசமும் தெரிவதில்லை.

தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். 'ஆப்ட் பொலிசி' என்று அடித்துப் பெக்கேஜின் பெயரைக் கொடுத்தால், பதிப்பெண்ணுக்குக் கீழே அது வரும் முகவரியும், அதன் முடிவில் மெயினா யுனிவர்ஸா என்பதும் தெரியும். 'ப்ரோ செக்யூரிட்டி ஸ்டேட்டஸ்' என்ற கட்டளை முழுப் பெட்டிக்கும் கணக்குக் காட்டும்: மெயினிலிருந்து எத்தனை, யுனிவர்ஸிலிருந்து எத்தனை, வெளியாரிடமிருந்து எத்தனை, இப்போது எங்குமே கிடைக்காதவை எத்தனை. அந்தக் கடைசி எண்தான் முக்கியம். யுனிவர்ஸுக்கும் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் உபுண்டு ப்ரோ இருக்கிறது, 5 இயந்திரங்கள் வரை இலவசம். சிறிய அலுவலகத்துக்கு அது தாராளம்.

டெபியன் என்ற டிஸ்ட்ரோவில் 'ஆப்ட் ஷோ' காட்டும் விவரத்தில் பராமரிப்பாளர் என்ற வரியைப் பாருங்கள். அங்கே ஒரு ஆளின் பெயரோ குழுவின் பெயரோ இல்லாமல் 'டெபியன் கியூஏ குரூப்' என்று இருந்தால், அந்தப் பெக்கேஜுக்குத் தனியாகப் பொறுப்பெடுக்க ஆளில்லை என்று அர்த்தம். அதை மெயில் சேர்வரில் ஏற்றுவதற்கு முன் வேறு வழி உண்டா என்று தேடுவது நல்லது.

ரெட் ஹட் குடும்பத்தில் அல்மாலினக்ஸ், ரொக்கி பாவிப்பவர்கள் ஈபெல் ரெப்போவை (பெக்கேஜ் களஞ்சியத்தை) சேர்க்காமல் இருக்க முடியாது. வைரஸ் தேடும் கிளாம்ஏவி, மடல் உண்மையில் நம் டொமைனிலிருந்து வந்தது என்று காட்டும் டிகிம் கையொப்பத்தை இடும் ஓபன்டிகிம் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. ஈபெலை நடத்துபவர்கள் ஃபெடோரா தன்னார்வலர்கள். நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் ரெட் ஹட்டின் பத்து வருட வாக்குறுதி அவர்களுடைய பெக்கேஜுகளுக்குப் பொருந்தாது.

பதிப்பெண் பழையது என்று பதறுவது

"எங்கள் போஸ்ட்பிக்ஸ் 3.5, வெளியே அதைவிடப் புதியது வந்துவிட்டது, நாங்கள் ஆபத்தில் இருக்கிறோமா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அதோடு நின்றால் பரவாயில்லை. எங்கோ கிடைத்த ஒரு ரெப்போவைச் சேர்த்துப் புதிய பதிப்பை ஏற்றிவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பெக்கேஜுக்கு டிஸ்ட்ரோவின் பாதுகாப்புக் குழு பொறுப்பில்லை.

நீண்டகால ஆதரவு தரும் டிஸ்ட்ரோக்கள் பதிப்பெண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவருகின்றன. 2023 டிசம்பரில் 'எஸ்எம்டிபி ஸ்மக்ளிங்' என்ற ஓட்டை வெளியானது. ஒரு மடல் எங்கே முடிகிறது என்பதை அனுப்பும் சேர்வரும் வாங்கும் சேர்வரும் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொள்வதால், ஒரு மடலுக்குள் இன்னொரு போலி மடலை ஒளித்து அனுப்ப முடிந்தது. போஸ்ட்பிக்ஸ் குழு அதற்கான திருத்தத்தை 3.8 இல் மட்டுமல்ல, 3.5, 3.6, 3.7 வரிசைகளுக்கும் தந்தது. டிஸ்ட்ரோக்கள் தங்கள் பங்குக்கு எடுத்துச் சேர்த்துக்கொண்டன. முன்னாலுள்ள எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. பார்க்க வேண்டியது பதிப்பெண்ணின் வாலையும் மாற்றக் குறிப்பையும். டெபியனில் வாலில் 'டெப்12யு' என்று தொடங்கி ஓர் எண் இருந்தால், வெளியீட்டுக்குப் பிறகு திருத்தியிருக்கிறார்கள். ரெட் ஹட் பக்கம் ஆர்பிஎம் கட்டளையில் மாற்றக் குறிப்பைக் கேட்டு, அதில் சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இடும் அடையாள எண்) என்று தேடினால் எந்த ஓட்டை எப்போது அடைக்கப்பட்டது என்று வரிசையாக வரும்.

ஸ்பாம் வடிகட்டியையும் அதே கண்ணால் பார்ப்பது

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தத் தவறு. போஸ்ட்பிக்ஸ் போன்ற ஒன்றுக்குப் பழைய பதிப்பும் திருத்தமும் இருந்தால் போதும். ஸ்பாம் வடிகட்டிக்கு அது போதாது. அதன் வேலை முழுவதும் விதிகளிலும் வெளிப் பட்டியல்களிலும் தங்கியிருக்கிறது. விதி அப்டேட் நின்றுபோன வடிகட்டியை நம்புவது, போன வருசப் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்ப்பது போலத்தான். அது வேலை செய்வதாகவே தெரியும், புள்ளியும் போடும், ஆனால் போடுகிற புள்ளி தப்பாக இருக்கும்.

ஸ்பாம்அசாசினில் நடந்ததைப் பாருங்கள். 2020 மார்ச் 1 முதல் அதன் விதித்தொகுப்புகளுக்குப் பழைய ஷா-1 கையொப்பம் இடுவதை நிறுத்தினார்கள். 3.4.2 க்கு முந்திய பதிப்புகளுக்குப் புதிய கையொப்பத்தைச் சரிபார்க்கத் தெரியாது. ஆகவே அந்த நாளோடு அவற்றுக்குப் புதிய விதிகள் வருவது நின்றது. சேர்வர் நிற்கவில்லை, மெயில் நிற்கவில்லை, ஒருவரும் தொலைபேசியில் அழைத்துத் திட்டவும் இல்லை. விதிக் கோப்புகள் இருக்கும் அடைவின் திகதியைப் பார்த்தவருக்கு மட்டும்தான் விஷயம் தெரிந்தது. உங்கள் சேர்வரில் அந்தத் திகதி எது என்று இன்றைக்கே பாருங்கள்.

கிளாம்ஏவி இன்னும் கண்டிப்பு. 2010 ஏப்ரல் 15 அன்று 0.95 க்கு முந்திய பதிப்புகளை அவர்களே செயலிழக்கச் செய்தார்கள். வைரஸ் பார்த்த பிறகுதான் மெயிலை விடுவேன் என்று அமைத்திருந்த சேர்வர்களில் மெயில் அப்படியே தேங்கியது. இதையெல்லாம் எண்ணித்தான் டெபியன் கிளாம்ஏவியின் புதிய பதிப்புகளை நிலையான வெளியீட்டுக்குள்ளும் 'அப்டேட்ஸ்' என்ற தனிக் களஞ்சியம் வழியாக விடுகிறது. சோர்ஸ் பட்டியலில் அந்த வரி இல்லாத சேர்வர்கள் இருக்கின்றன. நிறுவிய நாளில் யாரோ தேவையில்லை என்று நீக்கியிருப்பார்கள்.

அப்புறம் கறுப்புப் பட்டியல்கள், அதாவது ஸ்பாம் அனுப்பும் முகவரிகளை வைத்திருந்து, சேர்வர் கேட்டால் சொல்லும் சேவைகள். பழைய வழிகாட்டிகளில் ஏழெட்டுப் பட்டியல்களின் பெயர் வரிசையாக இருக்கும், அப்படியே பிரதி எடுத்து ஒட்டுவார்கள். ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. 2008 மார்ச்சில், இன்னும் கேட்டுக்கொண்டிருந்த சேர்வர்களுக்கு எல்லா முகவரியையுமே ஸ்பாம் என்று பதில் சொல்லத் தொடங்கியது. வரியை நீக்காமல் வைத்திருந்தவர்களுக்கு வந்த மெயிலெல்லாம் திரும்பிப் போனது. சோர்ப்ஸ் 2024 ஜூனில் மூடப்பட்டது. இப்படி மூடியவை உங்கள் கோப்பில் இருக்கின்றனவா என்று ஒருதடவை தேடிப் பாருங்கள்.

உயிரோடு இருக்கும் பட்டியலிலும் ஒரு பொறி உண்டு. பட்டியலைக் கேட்பது டிஎன்எஸ் (இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) வழியாகத்தான். நம்மூரில் சேர்வர் அமைப்பவர்கள் டிஎன்எஸ்ஸுக்குக் கூகுளின் 8.8.8.8 ஐப் பழக்கதோஷத்தில் போட்டுவிடுவார்கள். ஸ்பாம்ஹவுஸ் என்ற பட்டியல் அப்படிப் பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விகளுக்குச் சரியான பதில் தருவதில்லை, 127.255.255.254 என்ற பிழைக் குறியைத் திருப்பி அனுப்புகிறது. போஸ்ட்பிக்ஸில் பட்டியலின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பதில் வந்தாலும் அது ஸ்பாம் என்றே எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளரின் கொள்முதல் உத்தரவும் வங்கிக் கடிதமும் வாசலிலேயே மறுக்கப்படும். பட்டியலின் பெயருக்குப் பின்னால் சமன் குறி போட்டு 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையான பதில்களை மட்டும் ஏற்கச் சொல்ல வேண்டும். அதோடு சேர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற ஒரு டிஎன்எஸ் தீர்வியை ஓடவிட்டு, கேள்விகளை வேறு யாருக்கும் கடத்தாமல் அதையே நேரடியாகக் கேட்க வையுங்கள். சிறிய வேலைதான், ஆனால் கட்டாயம் செய்ய வேண்டியது.

தமிழில் மெயில் எழுதுபவர்கள் இருக்கும் இடமென்றால் இன்னொன்றும் உண்டு. ஸ்பாம்அசாசினில் மொழி பார்க்கும் டெக்ஸ்ட்கேட் என்ற பிளகின், இயல்பாக அணைந்திருக்கும். அதை ஏற்றி, ஆங்கிலம் மட்டும் போதும் என்று எழுதச் சொல்லும் வழிகாட்டிகளைப் பின்பற்றாதீர்கள். ஆங்கிலமல்லாத மடலுக்கு அது ஸ்பாம் புள்ளி சேர்க்கும்; தமிழிலோ சிங்களத்திலோ எழுதியவருக்குத் தன் கடிதம் எங்கே போனது என்றே தெரியாது.

அப்டேட் ஒன்றும் இல்லை என்றால் எல்லாம் சரி என்று நினைப்பது

ரெட் ஹட் குடும்பத்துச் சென்ட்ஓஎஸ் 8 இன் ஆயுள் 2021 டிசம்பர் 31 இல் முடிந்தது, சென்ட்ஓஎஸ் 7 இன் ஆயுள் 2024 ஜூன் 30 இல். பிறகு பெக்கேஜ் இறக்கும் யம் கட்டளை பிழை காட்டத் தொடங்கியது, ரெப்போ முகவரி வேலை செய்யவில்லை. பலர் முகவரியைப் பழைய பதிப்புகளின் காப்பகத்துக்கு மாற்றினார்கள். பிழை போய்விட்டது. அப்டேட் செய்யச் சொன்னால், அப்டேட் செய்ய எதுவும் இல்லை என்று பணிவாகப் பதில் வருகிறது. பார்ப்பவருக்கு நிம்மதி. உண்மையில் அந்தக் காப்பகத்துக்கு இனி எந்தத் திருத்தமும் வரப்போவதில்லை.

பராமரிப்பு முடிந்த மெயில் மென்பொருளின் விலையை நாடே ஒருமுறை பார்த்தது. 2023 ஓகஸ்டில் அரச கிளவுட்டில் ரான்சம்வெயார் தாக்குதல் நடந்து, அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் இல்லாமல் போயின. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அங்கே இருந்தது லினக்ஸ் அல்ல, மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதன் ஆதரவு அந்த வருடம் ஏப்ரல் 11 இலேயே முடிந்திருந்தது. அந்த இடைப்பட்ட காலத்து மடல்களுக்குத் தனியாக வேறிடத்தில் எடுத்து வைத்த பிரதியும் இருக்கவில்லை.

டிஸ்ட்ரோ உயிரோடு இருந்தாலும் தனிப் பெக்கேஜ் இறந்திருக்கலாம். அஞ்சல் குழுக்களை நடத்தும் மெயில்மேன் 2, பைதன் 2 ஐ நம்பியிருந்ததால் டெபியன் 11 இலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் 10 இலிருந்து 11 க்கு மேம்படுத்திய பெட்டியில் அது தானாக அழிவதில்லை. பழைய பெக்கேஜ் அங்கேயே கிடக்கும், ஒரு திருத்தமும் வராமல். மேம்படுத்திய பிறகு எந்த ரெப்போவிலும் இல்லாத பெக்கேஜுகளைப் பட்டியலிடுங்கள்: டெபியனில் 'ஆப்ட் லிஸ்ட்' உடன் மேற்கோளுக்குள் ~ஓ (ஆங்கிலச் சின்ன ஓ), ரெட் ஹட் பக்கம் 'டிஎன்எஃப் லிஸ்ட்' உடன் எக்ஸ்ட்ராஸ். டெபியனில் 'செக் சப்போர்ட் ஸ்டேட்டஸ்' என்ற கருவியும் உண்டு, ஆதரவு நின்றவற்றைப் பெயர் சொல்லிக் காட்டும்.

ஓபன்டிகிம் வேறு வகை. அதன் கடைசி நிலையான வெளியீடு 2.10.3, 2015 இல் வந்தது. இன்றைக்கும் அது ஓடுவது டிஸ்ட்ரோக்காரர்கள் ஒட்டும் திருத்தங்களால்தான். புதிதாக அமைப்பதென்றால் நான் அதைச் சேர்க்க மாட்டேன். ஆர்ஸ்பாம்டியே டிகிம் கையொப்பம் இடும், கிரேலிஸ்டிங் (தெரியாத சேர்வரைச் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பச் சொல்வது) செய்யும், போலி அனுப்புநரைப் பிடிக்க உதவும் டிமார்க் பார்க்கும். பெக்கேஜ் குறைந்தால் கவனிக்க வேண்டியதும் குறைகிறது. ஆர்ஸ்பாம்டியை மட்டும் அதன் உருவாக்குநர்களின் ரெப்போவிலிருந்து எடுப்பதில் தப்பில்லை. டிஸ்ட்ரோவில் உள்ளது பின்தங்கிவிடுகிறது என்று அவர்களே அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ரெப்போவிலிருந்து அந்த ஒரு பெக்கேஜைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்று ஆப்ட் பின்னிங்கில் (எதை எங்கிருந்து எடுக்கலாம் என்ற விதியில்) எழுதிவையுங்கள். ஸ்பாம்அசாசினுக்குத் தேவையான பேர்ல் தொகுதிகளை சீபான் என்ற பேர்ல் களஞ்சியத்திலிருந்து நேரே ஏற்றுவதும் கூடாது. டிஸ்ட்ரோவின் தொகுதிகளோடு மோதி, அடுத்த அப்டேட்டில் வடிகட்டி எழும்பாது.

இன்று புதிதாகத் தொடங்குகிற சிறிய அலுவலகத்துக்கு டெபியன் 13 ஐத்தான் சொல்வேன். 2025 ஓகஸ்ட் 9 இல் வந்தது, முழு ஆதரவு 2028 ஓகஸ்ட் வரை, எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) 2030 ஜூன் வரை. டெபியன் 12 இல் இருப்பவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்: 13 இல் வரும் டவ்கொட் 2.4 இன் அமைப்புக் கோப்பு 2.3 உடன் பொருந்தாது, பழைய கோப்போடு அது தொடங்கவே தொடங்காது. வெளியீட்டுக் குறிப்பில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அதை வாசிக்காமல் வெள்ளிக்கிழமை மாலை மேம்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். வேறொரு பெட்டியில் புதிதாக நிறுவி, கோப்பைப் புது முறையில் எழுதி, ஸ்பாம் வடிகட்டியைச் சோதிக்கும் ஜிடியூப் மடல் ஒன்றும் வைரஸ் தேடியைச் சோதிக்கும் தீங்கில்லாத ஐகார் கோப்பு ஒன்றும் அனுப்பிப் பாருங்கள். இரண்டையும் வடிகட்டி பிடித்த பிறகு, அஞ்சல் பெட்டிகளை நகர்த்தி, மடல் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றலாம். பழைய பெட்டியை ஒரு வாரமாவது அணைக்காமல் வைத்திருங்கள், பழைய முகவரிக்கே வந்து தட்டும் சேர்வர்கள் இருக்கும்.