துறைமுகப் படைப்பிரிவின் வரலாறு எழுதப் போகிறவர்களுக்கு

தம்பி மகன் தன் முதுகலை ஆய்வேட்டுக்கு எடுத்திருப்பது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் 6வது போர்ட். "பெரியப்பா, முப்பது வருஷம் துறைமுகத்துல சரக்கை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க்கா இருந்தீங்களே, கொஞ்சம் பாருங்க" என்று முதல் அத்தியாயத்தைக் கொடுத்தான். இருபது பக்கம். தளபதிகள் வந்தார்கள், போர்க்களங்கள் வந்தன. ஒரு ஸ்லிங் (தூக்குக் கயிற்றில் ஒரு தடவை தூக்கும் அளவு) சரக்குகூட இறங்கவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இங்கே 'போர்ட்' என்றால் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையை நடத்தும் ஒரு தலைமையகம். அதன் கீழ் வேலை செய்யும் போர்ட் பட்டாலியன்கள் வரும், போகும். 6வது போர்ட் 1942 கடைசியில் மொராக்கோவின் கசபிளாங்காவில் இருந்தது, 1943 அக்டோபரில் இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் போனது, 1944இல் பிரான்சின் மார்செய். பிற்பாடு 'மேஜர் போர்ட்' என்றும் எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் மூன்று துண்டுகள் கிடைக்கும். எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள்.

எங்கே தேடுவது? அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வ வரலாற்று வரிசையில் போக்குவரத்துப் பிரிவுக்கு மூன்று தொகுதிகள் உண்டு. வெளிநாட்டு வேலை பற்றிய தொகுதி 1957இல் வந்தது, இணையத்தில் இலவசம். மூல ஆவணங்களுக்கு மேரிலாந்து காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம்: படைப்பிரிவு அறிக்கைகளுக்குத் தொகுப்பு 407, போக்குவரத்துத் தலைமை அலுவலகத்துக்கு 336. தனி வீரர்களின் கோப்புகளை நம்பி இறங்க வேண்டாம். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத் தீ விபத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் எரிந்துபோயின.

சரி, இப்போது கப்பலுக்கு வருவோம். நேப்பிள்ஸை விட்டுப் போகும்போது ஜெர்மானியர்கள் கிரேன்களைத் தகர்த்து, வார்ஃபை (கப்பல் கட்டும் கரைமேடை) ஒட்டியே கப்பல்களை மூழ்கடித்துவிட்டார்கள். அமெரிக்கப் பொறியாளர்கள் எல்லாவற்றையும் தூக்கி எடுத்துக்கொண்டிருக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த கப்பல்களின் மேலேயே மேடை போட்டு, அதற்கு வெளிப்பக்கம் லிபர்ட்டி என்ற போர்க்காலச் சரக்குக் கப்பலைக் கட்டி நிறுத்தினார்கள். லிபர்ட்டிக்கு ஐந்து ஹேட்ச், அதாவது சரக்கறை வாய். சரக்கைத் தூக்கத் தன் டெரிக்கும் (தூக்குமரம்) விஞ்சும் (கயிறு இழுக்கும் எந்திரம்) உண்டு. கரையில் கிரேன் இல்லாவிட்டாலும் வேலை நடந்தது அதனால்தான். இதையெல்லாம் 'துறைமுகம் விரைவில் சீரமைக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்திருந்தான். அந்த வரியை அடித்துவிட்டேன்.

டன் கணக்கில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். லாங் டன் 2,240 பவுண்டு, ஷார்ட் டன் 2,000. மூன்றாவதாக மெஷர்மென்ட் டன் ஒன்று. அது எடையே கிடையாது, 40 கன அடி இடம். பெட்டியில் வரும் லாரி அதில் ஊதிப்போய்த் தெரியும், வெடிகுண்டு சுருங்கிவிடும். எந்த டன் என்று தெரியாமல் இரண்டு துறைமுகங்களை ஒப்பிடாதீர்கள்.

அப்புறம், கப்பலிலிருந்து இறங்கியது வேறு, கேட்டைத் தாண்டியது வேறு. எங்கள் பக்கம் ஒரு மழைக்காலத்தில் யூரியா மூட்டைகள் ஷெட் கொள்ளாமல் நின்றன. லாரி வரவில்லை. என் டாலி தாளில் நாலு கோடு, குறுக்கே ஐந்தாவது என்று காலை வரை அழகாகப் போய், மத்தியானம் வெறுமையாக நின்றது. 1944 நவம்பர் 28இல் முதல் கான்வாய் (கப்பல் அணி) வந்த பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலும், சில வாரங்களில் உள்நாட்டுக் கிடங்குகள் திணறிச் சரக்கு தேங்கியது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

கடைசியாக, இறக்கியது யார்? போர்ட் பட்டாலியன்களில் பெரும்பகுதி கறுப்பின வீரர்கள்; அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர். ராணுவத்தில் இனப்பிரிவினையை முடிக்கும் உத்தரவே 1948 ஜூலையில்தான் வந்தது. நேப்பிள்ஸில் இத்தாலியத் தொழிலாளர்கள், மார்செயில் பிரெஞ்சுக்காரர்களும் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். இவர்கள் அறிக்கையில் 'லேபர்' என்ற ஒரு சொல்லுக்குள் கிடப்பார்கள். புகைப்படத்தின் கீழே கர்னலுக்குப் பெயர் இருக்கும், விஞ்ச் பிடித்திருப்பவருக்கு இருக்காது. பட்டாலியனுக்குள் இருக்கும் சிறு படைக்குழுவான கம்பெனியின் எண்ணாவது கிடைக்கும் வரை விடாதீர்கள். எண் இருந்தால் 407இல் அந்தக் கம்பெனியின் அறிக்கையைக் கேட்கலாம்.

பையன் இப்போது இரண்டாவது வரைவு எழுதுகிறான். 'படைப்பிரிவு சரக்கை இறக்கியது' என்று வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் 'யார்?' என்று போட்டுக் கொடுத்திருக்கிறேன். பதினேழு இடம்.