52 வயதில் வேலையை விடுவதற்கு முன் எழுத வேண்டிய நோட்டு

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 47. எனக்கு 52, கணவருக்கு 55 ஆகும்போது இருவரும் வேலையை விடுவது என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் முடிவு செய்தோம். "மாதம் எவ்வளவு செலவாகிறது?" என்று அன்று அவர் கேட்டார். யோசிக்காமல் 32,000 ரூபாய் என்றேன். மளிகை, பால், கேஸ், மின்கட்டணம், பெட்ரோல் எல்லாம் சேர்த்துச் சரியாகத்தான் சொன்னேன். விடுபட்டவை மாதாமாதம் வராத செலவுகள்.

அதனால் நீங்கள் முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். இடப்பக்கத்தில் மாதச் செலவு, வலப்பக்கத்தில் எப்போதாவது வரும் செலவு. பன்னிரண்டு மாதமும் எழுத வேண்டும். ஆறு மாதத்தில் நிறுத்தினால் தீபாவளியோ வைகாசி முகூர்த்தங்களோ விட்டுப்போகும். என் வலப்பக்கம் ஆண்டு முடிவில் 1,56,000 ரூபாயைக் காட்டியது. பண்டிகைத் துணி, குலதெய்வக் கோவில் பயணம், அரையாண்டுச் சொத்து வரி, போர் மோட்டார் ரிப்பேர், பல் வைத்தியம், எல்லாவற்றுக்கும் மேலாக மொய் 42,000.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாதம் 32,000 என்பது உண்மையில் 45,000. வேலையை விட ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்தால் போதும் என்று பலர் சொல்வது அமெரிக்காவில் 30 ஆண்டு ஓய்வுக்காலத்தை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. நமக்கு அதைவிட நீண்ட காலம் ஓட வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினாலே 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகிவிடும். நான் 30 மடங்கு வைத்தேன். முதலில் சொன்ன தொகைக்கு 1,15,20,000 வந்தது. நோட்டில் எழுதிய தொகைக்கு 1,62,00,000. நடுவில் நிற்கும் 46,80,000 ரூபாயை வேலையை விட்ட பிறகு எங்கே தேடுவது?

மொய்யைப் பலர் குறைக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு வந்து எழுதியவர்களின் பெயர்கள் மொய் நோட்டில் இருக்கின்றன. அது திருப்பித் தர வேண்டிய கடன். அந்த நோட்டை எடுத்து, அவர்கள் வீட்டில் இனி வரக்கூடிய விசேஷங்களைக் குறித்து, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தொகை எழுதுங்கள். தாய்மாமன் சீர் இருந்தால் தனி வரி. என் கணவர் இரண்டு மருமகள்களுக்குத் தாய்மாமன். அதற்கென்று இப்போதே ஒரு தொடர் வைப்பு போட்டிருக்கிறோம். மகள் கல்யாணத்துக்கு வரப்போகும் மொய்யை மட்டும் வரவாக எழுதாதீர்கள்.

வலப்பக்கத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, சம்பளம் வந்த அன்றே வேறொரு வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். எங்களுக்கு அது 13,000. மாதச் செலவில் எண்ணெயையும் காய்கறியையும் குறைக்க நான் சொல்ல மாட்டேன். மின்சாரத்தில் மட்டும் கவனம் வேண்டும்: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறி மொத்த பில்லும் ஏறும். 45ஆம் நாள் மீட்டரைப் பார்த்துவிட்டால் ஏசியைக் கட்டுப்படுத்த நேரம் கிடைக்கும்.

வேலையை விடும் நாளோடு நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடும் போய்விடும். சொந்தப் பாலிசியை இப்போதே எடுத்து, பிரீமியத்தை வலப்பக்கத்தில் சேருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். கணவருக்குச் சர்க்கரை இருப்பதால் நாங்கள் தள்ளிப்போடவில்லை. வருங்கால வைப்பு நிதியோடு வரும் ஓய்வூதியத்தை 50 வயதிலிருந்தே கேட்கலாம்; ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4% பிடிப்பார்கள். அதை 58 வரை தொடாமல் விடுகிறோம்.

இந்த ஏப்ரல் முதல் ஒத்திகை நடக்கிறது. ஒன்றாம் தேதி 45,000 ரூபாயும் பிரீமியத்தின் மாதப் பங்கும் வீட்டுக் கணக்குக்கு வரும். இருவர் சம்பளத்தில் மிச்சம் எதையும் தொடுவதில்லை. இரண்டாவது மாதமே ஃபிரிட்ஜ் பழுதாகி 3,400 ரூபாய் கூடுதலாக ஆனது. அந்தத் தொகையை வலப்பக்கத்தில் எழுதி, 30 மடங்கை மறுபடியும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.