மண் பொம்மை வகுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்தால் புதிதாக வேலைக்கு வந்த ஓவிய ஆசிரியர்கள் போன் செய்யத் தொடங்கிவிடுவார்கள். நவம்பர் 14 குழந்தைகள் தினக் கண்காட்சி, அதை ஒட்டிக் கலைத் திருவிழாப் போட்டிகள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் எதையாவது செய்து வைத்தாக வேண்டும். புதிதில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். மேசையில் பழைய பேப்பர் விரிப்பது, தண்ணீர்க் குவளையை ஓரத்தில் வைக்காமல் இருப்பது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகப் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பொருளும் போய் பிள்ளைகள் உழைப்பும் போகிற தவறுகளை மட்டும் பார்க்கலாம்.

கெட்டி யானையைச் சூளைக்கு அனுப்புவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் திரும்ப நடக்கிற தவறு இது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

சில வருஷங்களுக்கு முன் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் யானையும் பிள்ளையாரும் செய்தார்கள். நல்ல குளத்து மண். காது மடிப்பு, நெற்றிப்பட்டம் எல்லாம் ஈர்க்குச்சியால் கீறி அழகாக வந்திருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் உள்ளே இடைவெளியே இல்லாத கெட்டி உருண்டை. இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காய்ந்தன, நடுவில் ஒரு மழை. வெளியே வெளுத்துப் போனதும் ஆசிரியர் அவற்றைச் சூளைக்குத் தூக்கிப் போய்விட்டார். சூளைக்காரர் ஒரு பிள்ளையாரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள இன்னும் ஈரம் இருக்கு சார். பத்து நாள் போகட்டும்" என்றார். "திங்கட்கிழமை கண்காட்சிண்ணே, எப்படியாவது சுட்டுக் கொடுங்க" என்று ஆசிரியர் கெஞ்ச, அவரும் மனசில்லாமல் அடுக்கினார்.

தீ ஏறிய கொஞ்ச நேரத்தில் உள்ளே பட், பட் என்று சத்தம். மறுநாள் பிரித்தபோது முழுசாக இருந்தவை ஓரத்தில் வைத்த சில கிண்ணங்கள்தான். வெடித்த துண்டுகள் தெறித்து, கார்த்திகைக்காக அவர் அடுக்கியிருந்த அகல் விளக்குகளும் உடைந்திருந்தன. அந்த நஷ்டத்துக்கு யாரும் அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று அந்த ஆசிரியருக்கும் தெரியவில்லை.

இது நடந்தால் எல்லாரும் சொல்கிற காரணம், "மண்ணுக்குள் காற்றுக் குமிழி இருந்திருக்கும்" என்பது. அதனால் அடுத்த வருஷம் மண்ணை இன்னும் ஓங்கி ஓங்கி அடித்துப் பிசைகிறார்கள், மறுபடியும் ஈரத்தோடு சூளையில் வைக்கிறார்கள். பிசைவது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெடிக்க வைப்பது காற்று இல்லை, தண்ணீர். 100 டிகிரியில் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கிறது. மெல்லிய சுவராக இருந்தால் ஆவி மண்ணின் நுண்துளைகள் வழியே கசிந்து போய்விடும். உள்ளங்கை அளவு கெட்டி உருண்டையின் நடுவிலிருந்து அவ்வளவு சீக்கிரம் வெளியே வர முடியாது. விசில் அடைத்துக்கொண்ட குக்கர் கதைதான். வைக்கோலும் விராட்டியும் பிடித்துக்கொண்டால் திறந்த சூளையில் சூடு சட்டென்று ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று நினைப்பதும் இதே தவறின் இன்னொரு பாதி. காயும்போது களிமண் சுருங்கும். வெயிலில் வெளிப்பக்கம் மட்டும் முதலில் சுருங்கி இறுகும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். விரிசல் விழுவதும் இதனால்தான். முதல் இரண்டு மூன்று நாள் பிளாஸ்டிக் உறையை மேலே லேசாகப் போர்த்தி நிழலில் வையுங்கள். அப்புறம் உறையை எடுத்துவிட்டு, தினம் ஒருமுறை திருப்பி வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க நிறத்தை நம்ப வேண்டாம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும், ஆளாளுக்குக் கன்னத்தில் மண்ணோடு நிற்பார்கள்.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயில் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கிற அந்த மண் குதிரைகளெல்லாம் உள்ளே கூடுதான். கால்களைக் குழாயாக எழுப்பி, அதன்மேல் மண்ணைத் திரியாக உருட்டி அடுக்கி, தட்டித் தட்டி உடம்பை உயர்த்துகிறார்கள். மண்ணோடு மணலும் உமியும் கலக்கிறார்கள். சுருக்கமும் குறைகிறது, ஈரம் வெளியேறவும் வழி கிடைக்கிறது. அவ்வளவு பெரிய குதிரை உடையாமல் சூளையிலிருந்து வருவதற்கு இந்தக் கூடுதான் காரணம்.

வகுப்பில் இதை வயசுக்குத் தகுந்தபடி செய்யலாம். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு உருண்டையில் கட்டைவிரலை விட்டு, சுற்றிச் சுற்றி அழுத்திக் கிண்ணம் செய்வது போதும். அதையே கவிழ்த்துக் கால் வைத்தால் ஆமை, மூக்கு வைத்தால் பன்றி. ஆறாம் வகுப்பிலிருந்து கெட்டியாகவே செய்யட்டும். ஒரு நாள் விட்டு, நகம் பட்டால் தடம் விழும் ஆனால் கையில் வளையாது என்கிற பதம் வந்ததும், நூலை இழுத்து உருவத்தை இரண்டாக அறுங்கள். ஸ்பூனால் உள்ளே சுரண்டி, சுவர் சுண்டுவிரல் கனத்துக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொண்டு, திரும்ப ஒட்டுங்கள். அடியில் ஈர்க்குச்சியால் உள்கூடு வரை ஒரு துளை போட வேண்டும். உள்கூட்டில் நிற்கிற ஈரம் வெளியேற அதுதான் வழி, மறக்காதீர்கள்.

நாளும் கணக்குப் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நவம்பர் முதல் வாரம் செய்த பொம்மை 14-ஆம் தேதிக்குள் காயாது. காலாண்டுத் தேர்வுக்கு முன்பே மண் வேலையை முடித்து, விடுமுறை முழுக்கக் காய விடுங்கள். சூளைக்காரர் முதலில் சிறு தீயில் புகைய விட்டு, நிதானமாகச் சூடேற்றுவார். அவரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். அதற்கும் நாள் இல்லை என்றால் சுடாமலே போஸ்டர் கலர் அடித்து வையுங்கள், கண்காட்சிக்கு அது போதும்.

தண்ணீர் தொட்டுத் தும்பிக்கை ஒட்டுவது

அன்றைக்கு ஒட்டும், காய்ந்ததும் விழும். இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைத் தயிர்ப் பதத்தில் கரைத்துப் பூசி அழுத்த வேண்டும். காய்ந்த உடம்பில் ஈரக் காதை ஒட்டினாலும் நிற்காது. ஈரமான காது சுருங்கும்போது பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பெயர் எழுதாமல் விடுவது

ஈரமாக இருக்கும்போதே அடியில் பெயரும் வகுப்பும் கீறச் சொல்லுங்கள்.

காய்ந்த மண்ணை உப்புத்தாளால் தேய்ப்பது

களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது. மூச்சில் போகக் கூடாது. வழவழப்பு வேண்டுமென்றால் ஈரமாக இருக்கும்போதே ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய்க்கலாம். வகுப்பு முடிந்ததும் விளக்குமாற்றை எடுக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கையை விடுவது

கை அச்சு எடுக்கிறேன் என்று சட்டியில் கரைத்துப் பிள்ளையின் கையை உள்ளே வைத்திருக்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அது இறுகும்போது சூடு கிளம்பும். மொத்தமாக ஊற்றியது 60 டிகிரியைக்கூடத் தொடும். பிள்ளை கத்துகிற நேரத்தில் கையை எடுக்க முடியாதபடி இறுகியிருக்கும். கையை ஈரக் களிமண்ணில் பதித்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் ஊற்றுங்கள். அச்சு இன்னும் சுத்தமாக வரும். மீந்ததைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஜிகினா

வேண்டாம்.

முடித்த மாதிரியை முன்னால் வைப்பது

மேசையில் ஆசிரியர் செய்த யானை நின்றால் நாற்பது பேரும் அதே யானையைத்தான் செய்வார்கள். சரியாக வராதவர்கள் பாதியில் கையைக் கட்டிக்கொள்வார்கள். எப்படி அழுத்துவது, எப்படி ஒட்டுவது என்று செய்து காட்டுங்கள். காட்டி முடித்ததும் அதை நசுக்கி மறுபடி உருண்டையாக்கிவிடுங்கள். தலைப்பையும் அகலமாகக் கொடுக்கலாம். "வீட்டுப் பக்கம் பார்த்த மிருகம்" என்றேன் ஒரு தடவை. கால் மெலிசாக இருந்தால் நிற்கவில்லை, தடியாக இருந்தால் மிஸ் விடமாட்டார் என்று யோசித்த மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மாடு படுத்திருக்கலாமா மிஸ்?" என்று கேட்டாள். தாராளமாகப் படுக்கட்டும் என்றேன். வயிற்றுக்கு அடியில் துளை போடுவதை மட்டும் கூட நின்று பார்த்துக்கொண்டேன்.