வாட்ஸாப்பில் பொடி விற்பவர்களுக்கு: பாக்கெட் கணக்கை விட்டு, பார்சல் கணக்குக்கு வாருங்கள்

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப்பொடி என்று வீட்டில் அரைத்து வாட்ஸாப், இன்ஸ்டாகிராமில் விற்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு: ஆர்டர் நிறைய வருகிறது, கையில் காசு நிற்பதில்லை. காரணம் பெரும்பாலும் விலையில் இல்லை. ஒரு பாக்கெட்டில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்திருக்கும், ஒரு பார்சலில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்திருக்காது. கூரியர், அட்டைப்பெட்டி, டேப், ஒட்டும் நேரம் எல்லாம் பார்சலுக்கு ஒருமுறை விழும் செலவு. உள்ளே நான்கு பாக்கெட் இருக்கிறது என்பதற்காக அது நான்கு மடங்காவதில்லை.

முதலில் பாக்கெட்டின் அடக்க விலை. இங்கே தரும் விலைகள் கணக்குக்காக வைத்த எடுத்துக்காட்டு, உங்கள் ஊர் மளிகை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இட்லிப் பொடிக்கு உளுந்து 2 கிலோ (280 ரூபாய்), கடலைப்பருப்பு 1¼ கிலோ (125), வரமிளகாய் 800 கிராம் (192), எள் 600 கிராம் (132), பெருங்காயம், உப்பு, கறிவேப்பிலை சேர்ந்து 350 கிராம் (71). மொத்தம் 5 கிலோ, 800 ரூபாய். இதை 25 ஆல் வகுத்து, 200 கிராம் பாக்கெட் ஒன்றுக்கு 32 ரூபாய் என்று எழுதுவதுதான் முதல் தப்பு. வறுக்கும்போது ஈரம் போகும், மிளகாய்க் காம்பு போகும், மில்லில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். கைக்கு 4.6 கிலோ வந்தால் 23 பாக்கெட்தான், அதாவது பாக்கெட்டுக்கு 35 ரூபாய். அரைத்து வந்ததும் ஒவ்வொரு முறையும் எடை போட்டு எழுதிவையுங்கள். நான்கைந்து முறையில் உங்கள் கைக்கு எத்தனை சதவீதம் சேதாரம் என்று நிலைத்துவிடும்.

அதன் மேல் எரிவாயு, அரைவைக் கூலி 100 ரூபாய் என்றால் பாக்கெட்டுக்கு 4.35. பை, லேபிள் 8. உங்கள் உழைப்பு மூன்றரை மணி நேரத்துக்கு மணிக்கு 80 ரூபாய் வீதம் 280, பாக்கெட்டுக்கு 12. ஆக 60 ரூபாய்க்கு ஒட்டி வருகிறது. உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவர்கள், உதவிக்கு ஒரு ஆளை வைக்கும் நாளில்தான் நஷ்டத்தில் விற்றுக்கொண்டிருந்தது தெரியவந்து திகைக்கிறார்கள். 110 ரூபாய்க்கு விற்றால் பாக்கெட்டுக்கு 50 மிச்சம்.

இனி பார்சல். கூரியர் உறை, குமிழ் உறை, டேப், முகவரிச் சீட்டு 12 ரூபாய். எட்டு நிமிட வேலைக்கு 11. உடைந்து, தொலைந்து போவதற்கென்று ஒதுக்குவது 2. மொத்தம் 25. கூரியர் கட்டணத்தை வாடிக்கையாளர் தனியாகத் தந்தாலும், ஒரு பாக்கெட் பார்சலில் நிற்பது 25 ரூபாய்தான். இரண்டு பாக்கெட் பார்சலில் 75. அதே வேலை, அதே நடை, மூன்று மடங்கு மிச்சம். குறைந்தபட்ச ஆர்டர் இரண்டு பாக்கெட் என்று வைப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். “ஒண்ணு மட்டும் வாங்கிப் பார்த்துட்டு அப்புறம் வாங்குறேன்” என்பவருக்கு 50 கிராம் பொட்டலங்களாக நாலு வகை கொண்ட ருசிப் பை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதன் விலையில் பார்சல் செலவும் அடங்கியிருக்க வேண்டும்.

பாக்கெட் அளவையும் கூரியர்தான் தீர்மானிக்க வேண்டும், மளிகைக் கடைப் பழக்கம் அல்ல. பெரும்பாலான கூரியர்கள் அரை கிலோ, ஒரு கிலோ என்று படி வைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். 250 கிராம் பாக்கெட் இரண்டு போட்டால் பையின் எடையோடு 516 கிராம். அடுத்த படிக்குத் தாவிவிட்டது. 200 கிராம் பாக்கெட் இரண்டு என்றால் உறையோடு சேர்த்து 455க்குள் அடங்கும். நான்கு போட்டு அட்டைப்பெட்டியில் வைத்தால் 950க்குள், ஒரு கிலோ படியில் நிற்கும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலே கூரியர் பில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கும்.

“கூரியர் இலவசம்” என்று போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. போடலாம், நான்கு பாக்கெட்டுக்கு மேல். அட்டைப்பெட்டிப் பார்சலுக்கு எல்லாம் சேர்த்து 40 ரூபாய் செலவு, ஒரு கிலோ கூரியர் 80 என்றால், 200 ரூபாய் மிச்சத்தில் இவை போக 80 நிற்கும். இரண்டு பாக்கெட் பார்சலின் 75ஐ விடக் கொஞ்சம் கூடுதல், சரக்கும் இரண்டு மடங்கு நகர்ந்திருக்கும். இரண்டு பாக்கெட்டுக்கே இலவசம் என்றால் 75ல் 50 கூரியருக்குப் போய்விடும்.

பெட்டியில் ஒரு கண்ணி இருக்கிறது. பல கூரியர்கள் எடையோடு கன அளவும் பார்ப்பார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, வரும் கிலோ, நிஜ எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவது வழக்கம். 20×15×12 பெட்டி 0.72 கிலோ, பிரச்சினை இல்லை. வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று 30×25×15 பழைய பெட்டியில் அதே நான்கு பாக்கெட்டை வைத்து அனுப்பினால் 2.25 கிலோவுக்குப் பில் வரும். முறுக்கு, சீவல் விற்பவர்கள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். எடை குறைவு, இடம் பெரிது, போதாக்குறைக்கு நொறுங்கவும் செய்யும்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது

தினமும் கொஞ்சம் வறுத்து, கொஞ்சம் அடைத்து, தினமும் கூரியர் கடைக்கு ஓடுவது ஆளைத் தின்னும் முறை. வாரம் ஒரே சுற்றாக வையுங்கள். ஞாயிறு இரவு 9 மணிக்கு ஆர்டர் மூடல். திங்கள் மொத்தத்தைக் கூட்டி, பருப்பைப் புடைத்து, மிளகாயை வெயிலில் போடுவது. செவ்வாய் வறுத்து அரைப்பது. புதன் அடைப்பது, மாலையில் பாதி அனுப்புவது. வியாழன் மீதி. வெள்ளி மாலை அனுப்பினால் பார்சல் ஞாயிறு முழுக்க எங்கோ ஒரு கிடங்கில் தூங்கும். “எப்ப வரும்” என்ற கேள்விகள் அங்கிருந்துதான் முளைக்கின்றன. வெள்ளியைக் கணக்குக்கும் சரக்கு வாங்குவதற்கும் படம் எடுப்பதற்கும் விட்டுவிடுங்கள். “செவ்வாய்க்கிழமை அரைக்கிறோம், புதன் அனுப்புகிறோம்” என்பது உங்களுக்கு வசதி, வாங்குபவருக்கு அது புதுச் சரக்கு என்ற நம்பிக்கை.

மில்லுக்குக் காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. முன்னால் யாராவது மஞ்சளோ கோதுமையோ அரைத்திருந்தால் உங்கள் முதல் அரை கிலோவில் அது கலந்து வரும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் உங்கள் வாடிக்கையாளரில் இருக்கலாம். அரைத்த பொடி சூடாக வரும். தூக்கில் மூடியபடி கொண்டுவந்து அப்படியே பையில் போட்டால் உள்ளே வியர்த்து, கட்டி தட்டி, பத்து நாளில் பூசணம் பிடிக்கும். சுத்தமான வேட்டியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட்ட பிறகே எடை போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மிளகாயை வெயிலை நம்பி விடாமல் இளஞ்சூட்டில் வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக்குங்கள். எள் சேர்ந்த பொடி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், காலாவதித் தேதியை எல்லாப் பொடிக்கும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒவ்வொரு அரைவையிலும் ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்து, மாதம் ஒருமுறை திறந்து முகர்ந்து ருசித்துப் பாருங்கள். உங்கள் பொடிக்கு எத்தனை நாள் ஆயுள் என்பதை அது சொல்லும். புகார் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுதான் சாட்சி.

அடைக்கும்போது பொடி பையின் வாய் ஓரத்தில் ஒட்டினால் சீல் பிடிக்காது. பார்க்க ஒட்டியது போலிருக்கும், வழியில் கசியும். காய்ந்த துணியால் வாயைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், அல்லது அகன்ற வாய் புனலால் நிரப்புங்கள். ஜிப் இருக்கிறதே என்று சூட்டு சீலை விட்டுவிடக் கூடாது. காற்றை அமுக்கி வெளியேற்றாமல் ஒட்டிய பை, மேலே நாலு பார்சல் ஏறியதும் பட்டாசு போல வெடிக்கும். ஒட்டியதும் ஒவ்வொரு பையையும் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

வாட்ஸாப்பும் பணமும்

சாதாரண வாட்ஸாப்பில் தொழில் நடத்துபவர்கள் வாட்ஸாப் பிசினஸுக்கு மாறிவிடுங்கள், செலவில்லை. அதில் மூன்று விஷயம் போதும். ஒன்று, விலையோடு பட்டியல். இரண்டு, சாய்கோடு (/) போட்டு அழைக்கும் விரைவு பதில்கள்: விலை, கூரியர் நாள், பணம் அனுப்பும் விவரம், முகவரிப் படிவம். தினம் இருபது தடவை தட்டச்சு செய்யும் வாசகங்கள் இவைதான். மூன்று, லேபிள்: பணம் வரவில்லை, பணம் வந்தது, அனுப்பியாயிற்று. உரையாடலுக்கு லேபிள் மாற்றாமல் அடுத்ததற்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டால், யாருக்கு அனுப்பினோம் யாரை விட்டோம் என்று இரவில் தேட வேண்டியதில்லை. செய்திகளைக் காலை, மதியம், மாலை என மூன்று வேளை மட்டும் பாருங்கள். வாணலி அடுப்பில் இருக்கும்போது பதில் சொன்னால் உளுந்து கருகும். கருகிய உளுந்து ஐந்து கிலோவையும் கெடுக்கும்.

முகவரிப் படிவத்தில் பின்கோடு, இரண்டு தொலைபேசி எண், அருகில் தெரிந்த இடம் மூன்றும் கட்டாயம். திரும்பி வரும் பார்சல்களில் பெரும்பகுதி பின்கோடு தப்பாலும், எடுக்கப்படாத அழைப்பாலும் வருபவை. பழைய வாடிக்கையாளருக்குப் பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே நேரத்தில்) அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும், ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதனால் பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் “இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரி அச்சடியுங்கள்.

பணம் முன்கூட்டியே, யூபிஐயில். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி அனுப்பாதீர்கள், போலியாக உருவாக்கும் செயலிகள் உலவுகின்றன. வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பிறகே லேபிளை மாற்றுங்கள். “ஐயாயிரம் ரூபாய்க்கு ஆர்டர், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் உங்களுக்கு வரும்” என்று யாராவது சொன்னால் அது திருட்டு. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை.

வந்த பின் பணம் தரும் முறையைப் பொடிக்கு வைக்காமல் இருப்பதே நல்லது. இரண்டு பாக்கெட் பார்சல் வாங்காமல் திரும்பினால் போக 50, வர 50, பேக்கிங் 25, ஊர் சுற்றி வந்த உணவுப் பொருளை மறுபடி விற்கக் கூடாது என்பதால் சரக்கு 120: மொத்தம் 245 ரூபாய். மூன்று நல்ல பார்சலின் லாபம் அதிலே போகிறது.

எத்தனை வகை வைப்பது? ஐந்துக்கு மேல் போகும் முன் ஒவ்வொரு வகைக்கும் மணிக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பருப்புப் பொடி வறுத்தால் வேலை முடிந்தது. கறிவேப்பிலைப் பொடிக்கு உருவ, கழுவ, நிழலில் உலர்த்த என்று ஒரு நாள் ஓடும், ஆனால் பலர் இரண்டையும் ஒரே விலைக்கு விற்கிறார்கள். விலையை ஏற்றுங்கள், அல்லது மாதம் ஒருமுறை மட்டும் போடுங்கள். “இந்த மாதம் 30 பாக்கெட்தான்” என்றால் முன்பதிவிலேயே தீர்ந்துவிடும்.

சரக்கு வாங்குவதில் ஒரு சிறு கணக்கு: மிளகாயை மாசி, பங்குனியில் புது வரத்து இறங்கும்போது ஆறு மாதத்துக்கு வாங்கி, நன்றாகக் காயவைத்துக் காம்போடு வைக்கலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் லேபிளில் சொல்லிக்கொள்ளுங்கள், உண்மையிலேயே அதுவாக இருந்தால் மட்டும். பருப்பை ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிவைத்தால் லாபத்தை வண்டு சாப்பிடும்.

காகித வேலை: உணவு விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும், வீட்டுச் சமையலறைக்கும் உண்டு. அதன் ஃபாஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வரும் 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். அதோடு சேர்மானம், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்துவது, அரைவை எண், முகவரி, புகாருக்கான தொலைபேசி. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுப் பால் கணக்கும் மிளகாய்க் கணக்கும் ஒன்றாகக் கிடந்தால் ஆடிட்டராலும் பிரிக்க முடியாது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் வரி உள்ள சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால் விற்றுமுதல் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பதிவு வேண்டும். பெங்களூரு ஆர்டர்களை ஏற்கும் முன் இதை ஆடிட்டரிடம் பேசி முடித்துவிடுங்கள். கடலூர்க்காரருக்குப் பக்கத்துத் தெரு போலத் தோன்றும் புதுச்சேரியும் இந்தக் கணக்கில் வெளிமாநிலம்தான்.